வீட்டில் காக்டெய்ல் கலந்து பழகுவோருக்கு: அளவு, பனிக்கட்டி, குறிப்பேடு

வீட்டில் காக்டெய்ல் கலந்து பார்க்கும் ஆர்வம் வந்தவுடன் பலர் முதலில் செய்வது, விதவிதமான புட்டிகளை வாங்கி அடுக்குவதுதான். ஆனால் ஒரே ஒரு மது, எலுமிச்சம்பழம், சர்க்கரை, நிறையப் பனிக்கட்டி, மில்லிலிட்டர் கோடுகள் போட்ட சிறிய அளவுக் கிண்ணம், ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தால் முதல் சில மாதங்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது. பானத்தைக் குலுக்கும் மூடியுள்ள குவளையான ஷேக்கர் இல்லாவிட்டால் இறுக மூடக்கூடிய அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி போதும்; தேநீர் வடிகட்டியும் நீண்ட கரண்டியும் எல்லார் வீட்டிலும் இருக்கும். கண்ணளவில் ஊற்றும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். 5 மி.லி. சாறு கூடினாலும் குறைந்தாலும் சுவை தெளிவாக மாறிவிடும் என்பதால், அளக்காமல் கலந்த பானம் நன்றாக அமைந்தாலும் அதை மறுமுறை கொண்டுவர முடியாது.

பழகுவதற்கு மிகவும் ஏற்றது, மது, புளிப்பு, இனிப்பு ஆகிய மூன்றும் சேரும் சவர் வகையாகும். 60 மி.லி. வெள்ளை ரம், 25 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. சர்க்கரைப் பாகு என்பது நான் தொடங்கும் அளவு. டைகிரி என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட பானத்தின் அமைப்பு இதுவே. ரம்முக்குப் பதிலாக ஜின் சேர்த்தால் கிம்லெட் என்னும் ஜின்-எலுமிச்சைப் பானத்துக்கு நெருங்கிய ஒன்றும், விஸ்கி சேர்த்தால் விஸ்கி சவரும் கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 6 விழுக்காடு அமிலம் இருக்கிறது. ஆரஞ்சுச் சாற்றில் 1 விழுக்காடுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே எலுமிச்சையை எடுத்துவிட்டு அதே அளவில் ஆரஞ்சைச் சேர்த்தால் பானம் சப்பென்று ஆகிவிடும். ஆரஞ்சின் சுவை வேண்டுமென்றால், எலுமிச்சையை அப்படியே வைத்துக்கொண்டு, பாகில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் ஆரஞ்சுச் சாற்றைச் சேர்ப்பது நல்ல வழி.

பாகைச் செய்வது எளிது. சர்க்கரையையும் தண்ணீரையும் சம எடையில் எடுத்து, மிதமான சூட்டில் கரையும் வரை கிளறி, ஆறவைத்துச் சுத்தமான புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். சர்க்கரையை இரு மடங்காக எடுத்துக் காய்ச்சும் கெட்டிப் பாகும் உண்டு. இரண்டின் இனிப்பும் ஒன்றல்ல என்பதால், எந்தப் பாகு என்பதைப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். மூன்று சிறு கோப்பைகளில் தலா 15 மி.லி. ரம்மும் 6 மி.லி. எலுமிச்சைச் சாறும் ஊற்றி, முதல் கோப்பையில் 4, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 6 மி.லி. எனப் பாகைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் 8 மி.லி. குளிர்ந்த தண்ணீரைக் கலந்து, வரிசையாகச் சுவைத்துப் பாருங்கள். இவ்வளவு சிறிய அளவுகளுக்குக் குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாச் சிரிஞ்சு மிகவும் வசதியானது. நாக்கின் ஓரங்கள் சுருங்குகின்றனவா, தொண்டையில் இனிப்பு தங்குகிறதா, மதுவின் காரம் முன்னால் வருகிறதா என்று நிதானமாகக் கவனித்தால், பாகில் 1 மி.லி. செய்யும் வேறுபாடு வியப்பளிக்கும். நான் பல நாட்கள் இனிப்பையும் புளிப்பையும் மதுவையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு, எது எதனால் வந்தது என்று தெரியாமல் குழம்பியிருக்கிறேன். இந்த மூன்று கோப்பை முறைக்கு வந்த பிறகுதான் என் கை தெளிந்தது.

அந்த 8 மி.லி. தண்ணீர் ஏன் என்று கேட்கலாம். காக்டெய்லில் தண்ணீரும் ஒரு மூலப்பொருள்தான். 1806-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த செய்தித்தாள் ஒன்று காக்டெய்லுக்கு விளக்கம் தந்தபோது, மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாறு ஆகிய நான்கையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. நாம் பனிக்கட்டியோடு குலுக்கும்போது அந்தத் தண்ணீர் தானாக வந்து சேர்கிறது. பனிக்கட்டி உருகும்போது சுற்றியுள்ள பானத்திலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்வதால்தான் பானம் குளிர்கிறது. ஆகவே நீர் சேராமல் குளிர்ச்சி மட்டும் வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மது கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது என்பதால், நன்றாகக் குலுக்கிய பானம் பூச்சியத்துக்குக் கீழே சில டிகிரி வரை செல்லும். இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். மேலே சொன்ன முழு அளவு 105 மி.லி. வரும், அதைப் பனிக்கட்டி நிறைத்த ஷேக்கரில் 12 நொடி வேகமாகக் குலுக்கி வடித்து அளந்தால் ஏறக்குறைய 135 மி.லி. இருக்கும். கூடிய 30 மி.லி.யும் தண்ணீரே. உலோக ஷேக்கர் என்றால் அதன் வெளிப்புறம் வெண்மையாகப் பனி பூத்து, விரல்கள் ஒட்டுவதுபோல் தோன்றும்; நிறுத்த வேண்டிய நேரத்தை எனக்கு அதுவே சொல்கிறது. ஈரம் சொட்டும் சின்னஞ்சிறு துண்டுகளைப் போட்டால் அவற்றின் மேலுள்ள நீரும் சேர்ந்து பானம் நீர்த்துவிடும். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த பெரிய கட்டிகளையே போட வேண்டும். ஷேக்கரில் பாதியளவு போடாமல் நிறையவே போட வேண்டும்.

சாறு, பால் ஏடு, முட்டை வெண்கரு போன்றவை சேரும் பானத்தைக் குலுக்க வேண்டும். மது வகைகள் மட்டும் சேரும் பானத்தைக் கரண்டியால் அரை நிமிடம் கலக்கினால் போதும், தெளிவாக இருக்கும். சோடாவைக் கடைசியில் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை அவசரத்தில் சோடாவையும் ஜாடிக்குள் ஊற்றிக் குலுக்கியபோது, உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறித்து என் கன்னத்தில் பட்டது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்கிறேன்.

எலுமிச்சையை அன்றன்றைக்கே பிழிய வேண்டும். முதல் நாள் சாற்றில் மணம் மங்கிக் கசப்பு ஏறிவிடுகிறது. தோலையும் எறிந்துவிடக் கூடாது. ஆரஞ்சின் தோலில் வெள்ளைப் பகுதி அதிகம் வராமல் ஒரு பட்டையைச் சீவி, வண்ணப் பக்கம் பானத்தை நோக்கியிருக்குமாறு கோப்பையின் மேலே பிடித்து, இரண்டு விரல்களால் சட்டென்று மடித்தால், வெளிச்சத்தில் நுண்ணிய தூவல் பறப்பது தெரியும். அந்த எண்ணெய்த் துளிகள் பானத்தின் மேற்பரப்பில் படலமாக மிதந்து, குடிக்குமுன்னே மூக்கை அடைகின்றன. உப்பும் இப்படியே சிறிதளவில் பெரிய வேலை செய்யும்: 80 கிராம் நீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு, கசப்பு தூக்கலான பானத்தில் இரண்டு துளி விட்டால் கசப்பு அடங்கிப் பழச்சுவை மேலெழும்.

மதுவில் மணமூட்டப் பொருள்களை ஊறவைப்பது இந்தப் பொழுதுபோக்கின் மிக இன்பமான பகுதி. பொறுமையும் அதிகம் கேட்கும். ஒருமுறை 250 மி.லி. ஜின்னில் ஒரு மேசைக்கரண்டி தேயிலையைப் போட்டு இரவு முழுவதும் விட்டுவிட்டேன். காலையில் வாயை உலர்த்தும் துவர்ப்பைத் தவிர அதில் ஒன்றும் இருக்கவில்லை. மது நீரைவிட வேகமாகச் சில பொருள்களை இழுத்துவிடும். தேயிலையைப் பத்தாவது நிமிடத்திலிருந்தே சுவைக்கத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் வடித்துவிட வேண்டும். மிளகாயை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவைக்க வேண்டும். இலவங்கப்பட்டைக்கு ஒரு நாள் வரை விடலாம்.

இங்கே சில எச்சரிக்கைகள் அவசியம். புகையிலையை ஊறவைக்கவே கூடாது. நிகோட்டின் ஆபத்தான அளவில் இறங்கிவிடும். உண்ணத் தகுந்தது என்று உறுதியாகத் தெரியாத பூ, இலை, வேர் எதையும் சேர்க்கக் கூடாது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கப்படும் செயலூட்டிய கரித்தூள், உட்கொண்ட மருந்துகளையும் உறிஞ்சி அவற்றின் பலனைக் குறைத்துவிடும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். வெண்கரு தரும் நுரையைப் பெறக் கொண்டைக்கடலை வேகவைத்த நீரே போதுமானது. மதுவை வீட்டில் காய்ச்சி வடிப்பது தீவிபத்துக்கு வழிவகுக்கும், பல நாடுகளில் சட்டவிரோதமும் ஆகும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மதுவில் மெத்தனால் இருந்தால் பார்வையும் உயிரும் போகும்.

கணக்கையும் மறக்கக் கூடாது. 40 விழுக்காடு மது 60 மி.லி. என்றால், அதில் 24 மி.லி., அதாவது ஏறக்குறைய 19 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை எளிதாக உள்ளே போய்விடும். மது அருந்துவதில் உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லை என 2023-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. ஆகவே சோதனை நாட்களில் நான் ஒரு கரண்டி சுவைத்துவிட்டுத் துப்பிவிடுகிறேன். மீதியைக் கொட்டுவதில் தயக்கம் காட்டுவதில்லை. கருவுற்றவர்கள், மருந்து உட்கொள்பவர்கள், வண்டி ஓட்டப் போகிறவர்கள், சட்டப்படி வயது வராதவர்கள் ஆகியோருக்கு மதுவின் இடத்தில் கடுந்தேநீரை வைத்துக் கலந்தாலும் இதே பயிற்சி கிடைக்கும்.

குறிப்பேட்டில் நாள், அளவுகள், பாகின் வகை, குலுக்கிய நொடிகள், முதல் வாயில் தோன்றியது என ஐந்தையும் எழுதுங்கள். ‘நன்று’ என்று எழுதுவது பின்னால் உதவாது. ‘புளிப்பு முன்னால், முடிவில் வெறுமை, பாகு 2 மி.லி. கூட்டலாம்’ என்று எழுதினால் அடுத்த முயற்சி அந்த வரியிலிருந்தே தொடங்கும். சவர் கைவந்தபின் பாகுக்குப் பதில் தேனைப் பயன்படுத்தலாம். தேன் குளிரில் கட்டியாகிவிடும் என்பதால் இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு வெந்நீர் கலந்து வைக்க வேண்டும். அதற்கடுத்து ஜின், காம்பாரி என்னும் கசப்பான சிவப்பு மது, மூலிகை மணமூட்டிய இனிப்பு வெர்மூத் ஆகியவற்றில் தலா 30 மி.லி. எடுத்துக் கலக்கும் நெக்ரோனிக்குச் செல்லலாம். வெர்மூத் திராட்சை மதுவிலிருந்து செய்யப்படுவதால் திறந்த பிறகு கெட்டுப்போகும். திறந்த தேதியைப் புட்டியில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.