கற்பனை நாட்டுக்கு ஒரு பிளவுக் கட்சி

கதைக்கோ விளையாட்டுக்கோ ஒரு நாட்டை உருவாக்குகிறவர்கள், பிளவுக் கட்சி என்றதும் பெயரும் கொடியும் தேடுகிறார்கள். அதெல்லாம் கடைசி வேலை. முதலில் எண்ணிக்கை. மன்றத்தில் 101 இடம், ஆளுங்கட்சிக்கு 56 என்று வையுங்கள். ஐந்து பேர் வெளியேறினால் ஆட்சி 51-இல் தொங்கும். ஆறாவது ஆளும் போனால் கவிழும். அந்த ஆறாவது ஆளுக்கு என்ன வேண்டும்? அமைச்சர் பதவியா, மருமகனுக்குக் குத்தகையா? கட்சியின் ஆயுள் அவர் கையில்தான்.

அடுத்தது காரணம். மேடையில் கொள்கை பேசட்டும். உள்ளே ஒரு தோல்வி இருக்கவேண்டும், அதுவும் மயிரிழையில். படுதோல்வி கண்டவர் பின்னால் யார் போவார்? மலேசியாவின் அன்றைய ஆளுங்கட்சி அம்னோ. அதன் 1987 தலைவர் தேர்தலில் பிரதமர் மகாதீருக்கு 761 வாக்கு, எதிர்த்து நின்ற தெங்கு ரசாலிக்கு 718. விவகாரம் நீதிமன்றம் ஏறி, 1988-இல் அம்னோவே சட்டவிரோதச் சங்கம் என்று தீர்ப்பானது. ரசாலியின் பிளவுக் கட்சியான ‘செமாங்காட் 46’, 1990-இல் 8 நாடாளுமன்ற இடங்களை வென்றது, 1995-இல் 6, 1996-இல் கலைந்து அம்னோவுக்கே திரும்பியது. இந்த வளைவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தேர்தலில் இறக்கம், தாய்க் கட்சியில் பாதி திறந்த கதவு.

கட்சித் தாவல் தடைச் சட்டம் உண்டா என்பதையும் முடிவு செய்யுங்கள். மலேசியாவில் 2022 முதல், கட்சியிலிருந்து தானாக விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழப்பார். கட்சி நீக்கினால் இழக்கமாட்டார். எழுதுகிறவருக்கு இது லட்டு. விலக நினைக்கும் உறுப்பினர் 'முடிந்தால் நீக்கு' என்று சீண்டிக்கொண்டே இருப்பார். தலைமை பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருக்கும்.

பலர் சொதப்புவது காசு விஷயத்தில். மலேசியாவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 ரிங்கிட். எட்டில் ஒரு பங்கு வாக்காவது வாங்காவிட்டால் போச்சு. 40 தொகுதியில் நின்று 30-இல் பறிகொடுத்தால் 3 லட்சம். முதலில் காய்வது கிளைகள். கடைவீட்டு மாடியில் இரண்டு மாத வாடகை பாக்கி. பெயர்ப்பலகையில் ஒட்டிய புதுச் சின்னம் உரிந்து, அடியில் பழைய கட்சிச் சின்னம் தெரிகிறது. கொள்கை அறிக்கை எழுதும் நேரத்தில் இப்படி நாலு கிளைகளை எழுதுங்கள்.

கலைப்புத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிவிடாதீர்கள். திரும்பிப் போனால் பழைய கட்சி சேர்த்துக்கொள்ளாத இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை எதிர்த்துக் கை தூக்க வையுங்கள். அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தி, பழைய தலைவரின் தொகுதியிலேயே வாக்கைப் பிரிக்க விடுங்கள்.