எம்டனை வீழ்த்தியவர் ஆஸ்திரேலியரா? கடற்படை அதிகாரிகளின் பணி வரலாற்றைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நமக்கெல்லாம் தெரியும். 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு இன்னும் வழக்கில் இருக்கிறது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் அந்தக் கப்பலின் கதையை முடித்தவர் யார்? 'சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலின் ஆஸ்திரேலிய கேப்டன்' என்று எழுதிவிடுகிறார்கள். கப்பல் ஆஸ்திரேலியாவுடையதுதான். கேப்டன் ஜான் கிளாசப் ஆஸ்திரேலியர் அல்ல. லண்டனை ஒட்டிய ட்விக்கனமில் 1871-ல் பிறந்த ஆங்கிலேயர், பிரிட்டிஷ் ராயல் நேவியின் அதிகாரி.

ராயல் ஆஸ்திரேலியன் நேவி என்ற பெயரே 1911-ல்தான் கிடைத்தது. கப்பல்களை வாங்கிவிடலாம், இருபது ஆண்டு அனுபவம் உள்ள அதிகாரிகளை எங்கே வாங்குவது? அதனால் ராயல் நேவி தன் அதிகாரிகளை அங்கே அனுப்பி வைத்தது. நம் அரசு அலுவலகங்களில் டெபுடேஷன், அதாவது அயற்பணி என்கிறோமே, அதேதான். வேலை அங்கே, பதவி உயர்வுக் கணக்கு இங்கே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி யாரைப் பற்றிப் படித்தாலும் முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எந்தக் கப்பலில் இருந்தார் என்பது வேறு, எந்தக் கடற்படையின் ஆள் என்பது வேறு.

பெயரை மட்டும் நம்பினால் கப்பலையே தவறவிடலாம். கடற்படைகள் பழைய பெயரைப் புதுக் கப்பலுக்கு மறுபடி மறுபடி வைக்கும். 1941 நவம்பரில் ஜெர்மனியின் கோர்மோரான் என்ற கப்பலோடு மோதி, 645 பேருடன் மூழ்கியது இன்னொரு சிட்னி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் கிளாசப் இறந்து ஏழு ஆண்டு கழித்து நடந்த சண்டை அவர் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து, மிக அதிகமாக நடக்கும் தவறு: கேப்டன் என்ற சொல். தரைப்படையில் கேப்டன் என்றால் இளம் அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்றால் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். தரைப்படை கேப்டனுக்கு நிகரானவர் கடற்படையில் லெப்டினன்ட். இதோடு முடியவில்லை. ஒரு கப்பலை நடத்துபவர் எந்தத் தரத்தில் இருந்தாலும் அந்தக் கப்பலுக்கு அவர்தான் கேப்டன். டிஸ்ட்ராயர் போன்ற சிறு கப்பல்களை லெப்டினன்ட்டுகளே நடத்தினார்கள். ஆகவே 'கேப்டன்' என்று கண்டதும், அது தரமா பொறுப்பா என்று கேட்டுவிட்டு மேலே படிக்க வேண்டும். கிளாசப் இரண்டு பொருளிலும் கேப்டன்.

லெப்டினன்ட் கமாண்டர் என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ராயல் நேவியில் அது தனித் தரமாக வந்தது 1914-ல்தான். அதற்கு முன் எட்டு ஆண்டு பணிமூப்பு உள்ள லெப்டினன்ட்டுகள் சட்டைக் கையில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1905-ல் ஒருவரை லெப்டினன்ட் கமாண்டர் என்று யாராவது எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். கொமடோர் என்பதும் அந்தக் காலத்தில் நிரந்தரத் தரம் அல்ல. அது ஒரு பொறுப்போடு வந்து, பொறுப்போடு போய்விடும். அப்புறம், சர்ச்சில் 1911 முதல் வகித்தது, கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டியின் 'ஃபர்ஸ்ட் லார்ட்' பதவி. அது அமைச்சர் பதவி. 'ஃபர்ஸ்ட் சீ லார்ட்' என்பவர்தான் சீருடை அணிந்த தலைமை அதிகாரி. தமிழில் இரண்டையும் 'முதல் பிரபு' என்று ஒரே மாதிரி எழுதி, சர்ச்சிலை அட்மிரல் ஆக்கிவிடக் கூடாது.

இப்போது பதவி உயர்வுக்கு வருகிறேன். ஓர் அதிகாரியை நியாயமாக மதிப்பிட வேண்டும் என்றால் இதை நிதானமாகப் புரிந்துகொள்வது அவசியம். லெப்டினன்ட்டிலிருந்து கமாண்டர், கமாண்டரிலிருந்து கேப்டன், இந்த இரண்டு படிகளும் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பட்டியல் வரும். பெயர் வராதவர் அங்கேயே தேங்கிவிடுவார். கேப்டன் ஆகிவிட்டால் கதை மாறிவிடும். அதற்கு மேல் பணிமூப்புதான். முன்னால் இருப்பவர்கள் ஓய்வு பெறப் பெற, இறக்க இறக்க, வரிசை நகரும். கேப்டனாக இருந்து போதிய காலம் கடலில் கழித்திருந்தால், முறை வரும்போது ரியர் அட்மிரல் ஆகலாம். அதன்பிறகு வைஸ் அட்மிரல், அட்மிரல் என்று பெரும்பாலும் அதே வரிசைதான்.

அதனால் 'அவர் அட்மிரல் ஆனார், எவ்வளவு பெரிய திறமைசாலி' என்று எழுதுவது பாதி தவறு. திறமைக்கு அடையாளம் தேட வேண்டுமானால், எத்தனை வயதில் கமாண்டர் ஆனார், எத்தனை வயதில் கேப்டன் ஆனார் என்று பாருங்கள்.

டேவிட் பீட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவரும் கிளாசப் பிறந்த அதே 1871-ல் பிறந்தவர். நைல் நதியில் பீரங்கிப் படகு ஓட்டிப் பெயர் வாங்கி 27 வயதில் கமாண்டர். சீனாவில் பாக்ஸர் கலகத்தில் காயம்பட்டு 29 வயதில் கேப்டன். 1910 ஜனவரி 1 அன்று, 38 வயதில், ரியர் அட்மிரல். இந்தக் கடைசிப் படிக்குத் தேவையான கடல் அனுபவக் காலம் அவரிடம் இல்லை. அரச சபையின் தனி ஆணை ஒன்றைப் பிறப்பித்துத்தான் உயர்த்தினார்கள். 1914 நவம்பரில் பீட்டி தற்காலிக வைஸ் அட்மிரலாகப் பேட்டில் குரூசர் (பெரிய பீரங்கியும் வேகமும் கொண்ட போர்க்கப்பல்) படையை நடத்திக்கொண்டிருந்தார். அதே வயதுடைய கிளாசப் கேப்டன். இதை வைத்து கிளாசப்பைப் பின்தங்கியவர் என்று சொல்வது அநியாயம். கிளாசப் இருந்ததுதான் இயல்பான இடம். பீட்டி விதிவிலக்கு. விதிவிலக்கை அளவுகோலாக வைத்தால் அந்தத் தலைமுறையில் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

அதே பீட்டியின் குறிப்பில் 1910-க்கும் 1912-க்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. கையில் கப்பல் இல்லை, வேலை இல்லை, அரைச் சம்பளம். 'ஏதோ தண்டனை போல' என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. கப்பல்கள் குறைவு, மூத்த அதிகாரிகள் அதிகம். ஒரு பொறுப்பு முடிந்து அடுத்தது வரும்வரை அரைச் சம்பளத்தில் வீட்டில் இருப்பது அன்றைய நடைமுறை. பட்டியலில் பெயர் இருக்கும், பணிமூப்பும் நகர்ந்துகொண்டே இருக்கும். பீட்டியின் கதையில் கொஞ்சம் பிடிவாதமும் சேர்ந்துகொண்டது. அட்லாண்டிக் கடற்படையில் இரண்டாம் இடம் கொடுத்தபோது வேண்டாம் என்றார். 1912-ல் சர்ச்சில் அழைத்துத் தன் கடற்படைச் செயலர் ஆக்கிக்கொண்டார். வெற்றிடம் எதனால் என்று தெரியாமல் அதற்குக் காரணம் கற்பித்துவிடாதீர்கள்.

ராணுவ நீதிமன்றம் என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். ராயல் நேவியில் கப்பலை இழந்தால் விசாரணை வருவது பழைய வழக்கம். விசாரணை நடந்தது என்பதாலேயே குற்றவாளி ஆகிவிடமாட்டார். ஆனால் விடுதலை ஆனார் என்பதாலேயே பழைய நிலை திரும்பிவிடும் என்றும் எண்ணக் கூடாது. ரியர் அட்மிரல் எர்னஸ்ட் ட்ரூப்ரிட்ஜைப் பாருங்கள். 1914 ஆகஸ்டில் மத்தியதரைக்கடலில் ஜெர்மனியின் கோபென் என்ற பேட்டில் குரூசரை மறிக்கப் போனார். தன் நான்கு பழைய கவசக் குரூசர்களால் பகலில் அதைத் தாங்க முடியாது, 'பலத்தில் மேலான படையோடு மோதாதே' என்ற உத்தரவு இதற்கும் பொருந்தும் என்று கருதித் திரும்பிவிட்டார். துரத்தலைக் கைவிட்டார் என்று வழக்கு. நவம்பர் 5 முதல் 9 வரை போர்ட்லாண்டில் புல்வார்க் என்ற போர்க்கப்பலில் விசாரணை. விடுதலை.

நவம்பர் 9. கோகோஸில் கிளாசப் எம்டனை அடித்த அதே நாள்.

ட்ரூப்ரிட்ஜுக்கு அதன்பிறகு கடலில் ஒரு படையும் தரப்படவில்லை. செர்பியாவுக்கு அனுப்பினார்கள், டான்யூப் நதி வேலை கிடைத்தது. ஆனால் பதவி? வைஸ் அட்மிரல் ஆனார், 1919-ல் அட்மிரலும் ஆனார். பணிமூப்பு வரிசை அவரை ஏற்றிக்கொண்டே போனது. தரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது வெற்றிக் கதை. அவர் கையில் என்ன பொறுப்பு இருந்தது என்று பார்ப்பவருக்கு, 1914-லேயே முடிந்துபோன கதை.

இதற்கு நேர் எதிரான தவறு, பிரிட்டனின் முதன்மைப் போர்க்கப்பல் படையான கிராண்ட் ஃப்ளீட்டை நடத்திய ஜெலிக்கோ விஷயத்தில் நடக்கிறது. ஜட்லண்ட் போர் 1916 மே 31 அன்று. பிரிட்டிஷ் தரப்பில் 6,094 பேர் இறந்தார்கள், ஜெர்மன் தரப்பில் 2,551 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜெலிக்கோ கிராண்ட் ஃப்ளீட்டை விட்டுப் போனார். 'தோற்றதால் நீக்கினார்கள்' என்று முடிச்சுப் போடுகிறார்கள். அவர் போனது ஃபர்ஸ்ட் சீ லார்ட் பதவிக்கு, நீர்மூழ்கிகளைச் சமாளிக்கும் பொறுப்போடு. அவரை நிஜமாக நீக்கியது 1917 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அப்போது இருந்த தகராறு வேறு. அடுத்தடுத்து நடந்தவை எல்லாம் ஒன்றால் ஒன்று நடந்தவை அல்ல.

சிறிய எச்சரிக்கை ஒன்று. பணிக்குறிப்பில் எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் அரசக் கப்பல் என்பதன் சுருக்கம்) என்று வந்தாலே கடலில் மிதந்த கப்பல் என்று நினைக்காதீர்கள். எக்ஸலன்ட் என்பது போர்ட்ஸ்மத் அருகே வேல் தீவில் இருந்த பீரங்கிப் பயிற்சிப் பள்ளி, வெர்னான் டார்பிடோ பள்ளி. 1910-ல் ஒருவர் பெயர் விக்டரியில் இருந்தால் அவர் நெல்சனின் பழைய கப்பலில் பயணம் போகவில்லை. சம்பளக் கணக்குக்காக அந்தப் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள்.

கடைசியாக, ஒற்றை வரியை வைத்து ஆளைத் தீர்மானிப்பது. கரைதட்டிய எம்டனை கிளாசப் மறுபடி சுட்டார் என்பது உண்மை. அந்த வரியோடு நின்றால் அவர் கொடுமைக்காரர் ஆகிவிடுவார்.

அன்று நடந்தது இது. காலையில் எம்டன்தான் முதலில் சுட்டது. அதன் குண்டு அவ்வளவு தூரம் வராது என்று எண்ணியிருந்த சிட்னியின் தூரமானிக் கருவி ஆரம்பத்திலேயே நொறுங்கியது. பிறகு சிட்னியின் ஆறு அங்குல பீரங்கிகள் மேலோங்கின. அவற்றின் குண்டு ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ, எம்டனுடையது சுமார் 17 கிலோ. முற்பகலில் எம்டன் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது. கிளாசப் அதன் நிலக்கரிக் கப்பலைத் துரத்திப் போய்விட்டு மாலை நான்கு மணி வாக்கில் திரும்பினார். எம்டனின் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறீர்களா என்று சைகைக் கொடிகளில் கேட்டார். சைகைப் புத்தகம் இல்லை என்று பதில் வந்தது. மோர்ஸில் கேட்டார். பதில் இல்லை. சைகை கிடைத்ததா என்று மறுபடி கேட்டார். அதற்கும் பதில் இல்லை, கொடியும் இறங்கவில்லை. போர்முறைப்படி கொடி பறக்கும் கப்பல் சண்டையில் இருக்கும் கப்பல். சில நிமிடங்கள் சுட்டார். கொடி இறங்கியது, அவரும் நிறுத்தினார். எம்டனில் இறந்தவர்கள் 130-க்கு மேல், சிட்னியில் நான்கு பேர்.

சுட்டது சரியா என்று விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். அதற்கு அந்தக் கொடியும் அவர் கேட்ட மூன்று கேள்விகளும் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளாசப் 1917 வரை சிட்னியை நடத்தினார், 1921-ல் ஓய்வு பெற்றார். வைஸ் அட்மிரல் பட்டம் அவர் ஓய்வுப் பட்டியலில் இருந்தபோது வந்தது. சண்டை முடிந்த அடுத்த வாரம், எம்டனின் காயம்பட்ட மாலுமிகளை ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புக்கு வந்தது. துறைமுகத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்கள் நிறைந்த கப்பல்கள் காத்திருந்தன. கப்பலில் காயம்பட்டவர்கள் படுத்திருக்கிறார்கள், யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். சிட்னி அந்தக் கப்பல் வரிசைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் உள்ளே வந்தது.