மணிலா விழாவின் பழைய பரிசுப் பட்டியலை வாசிக்கும் முறை

பிலிப்பைன்ஸின் பழைய படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்குபவர்கள் வெகு சீக்கிரத்தில் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவின் பரிசுப் பட்டியலுக்கு வந்து சேர்வார்கள். ஆண்டுவாரியாகச் சிறந்த படங்களின் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றை வரிசையாகப் பார்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் விழாவின் பாதிதான் கண்ணில் படும். சில ஆண்டுகளில் சிறந்த பாதி விடுபட்டும் போகும். பரிசு பெற்ற படத்தை அதனோடு போட்டியிட்ட படங்களின் நடுவில் வைத்துப் பார்ப்பதே சரியான வழி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1966-இல் மணிலா நகர மேயர் அந்தோனியோ வில்யேகாஸ் தொடங்கிய மணிலா திரைப்பட விழா வேறு. 1975-இல் பெருநகரப் பகுதி முழுமைக்கும் என்று தொடங்கப்பட்ட மெட்ரோ மணிலா விழா வேறு. இவை போதாதென்று, அன்றைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மனைவி இமெல்டாவின் முயற்சியில் 1982-லும் 1983-லும் மணிலா சர்வதேசத் திரைப்பட விழா என்று மூன்றாவதாக ஒன்றும் நடந்தது. பிலிப்பைன்ஸில் இன்றும் பேசப்படும் 1994-ஆம் ஆண்டின் பரிசு மோசடி, அதாவது வெற்றி பெறாதவர்களின் பெயர்களை மேடையில் வாசித்த விவகாரம், நகர விழாவில் நடந்தது. அதைப் பெருநகர விழாவின் கணக்கில் எழுதுபவர்கள் இன்னமும் உண்டு. ஒரு குறிப்பில் ஜூன் மாதம் என்றிருந்தால் நகர விழாவாகவும், டிசம்பர் கடைசி என்றிருந்தால் பெருநகர விழாவாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, விழாவின் அடிப்படை விதியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிப் புத்தாண்டு கடந்து சில நாள்கள் வரை திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்கள் மட்டுமே ஓடும். ஹாலிவுட் படங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆண்டின் மிகப் பெரிய வசூல் காலம் உள்ளூர்ப் படங்களுக்கே கிடைத்ததால், நட்சத்திரங்களின் கேளிக்கைப் படங்களோடு லினோ புரோக்கா, இஷ்மாயில் பெர்னால், மைக் டி லியோன், மரிலூ டியாஸ்-அபாயா போன்ற இயக்குநர்களின் கனமான படங்களும் அதே வாரத்தில் வெளிவந்தன. அதுவும் 1972-இல் அறிவிக்கப்பட்ட இராணுவச் சட்டத்தின் கீழும், அதன் நிழலிலும்.

இப்போது 1976-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இதைவிட நல்ல ஆண்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாளின் இடப்பக்கத்தில் போட்டியிட்ட படங்களையும் வலப்பக்கத்தில் அவை பெற்ற பரிசுகளையும் எழுதுங்கள். சிறந்த படம், எடி ரொமேரோ இயக்கிய 'கனிதோ கமி நூன், பானோ கயோ ங்காயோன்?', 'அன்று நாங்கள் இப்படி இருந்தோம், இன்று நீங்கள் எப்படி?' என்பது தலைப்பின் பொருள். ஸ்பானியர் வெளியேறி அமெரிக்கர் உள்ளே வரும் காலத்தில், குலாஸ் என்னும் வெள்ளந்தியான நாட்டுப்புற இளைஞன் பிலிப்பினோ என்றால் யார் என்று தேடிப் போகும் கதை. அதே ஆண்டில் போட்டியிட்ட புரோக்காவின் 'இன்சியாங்' சிறந்த படமாகத் தேர்வாகவில்லை. ஆனால் ஹில்டா கொரோனெலுக்குச் சிறந்த நடிகை பரிசையும், மோனா லிசாவுக்குத் துணை நடிகை பரிசையும் பெற்றுத் தந்தது. அந்தப் படம் இறைச்சிக் கூடத்தில் பன்றிகளை அறுக்கும் காட்சியோடு தொடங்கி, அங்கிருந்து நேராகத் தொண்டோ குடிசைப் பகுதிக்குள் நுழைகிறது. ஒன்று தேசத்தின் பிறப்பை மெல்லிய சிரிப்போடு சொல்கிறது. மற்றொன்று அதே தேசத்தின் தலைநகரில் ஒரு தாயும் மகளும் படும் பாட்டைக் காட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். 1978-இல் கான் விழாவுக்குச் சென்றது இரண்டாவது படம்தான் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளில் பரிசுப் பட்டியல் படங்களைவிட நடுவர்களைப் பற்றியே அதிகம் சொல்லும். 1978-இல் நடிப்புக்கான பரிசுகளை ஆண், பெண், முதன்மை, துணை என்று பிரிக்காமல் ஒரே பரிசாக்கிவிட்டார்கள். 'ரூபியா செர்வியோஸ்' படத்துக்காக வில்மா சாந்தோஸ் பெறுவார் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, 'அத்சாய்' படத்தில் வீட்டுவேலைக்காரியாக நடித்த நோரா ஆவுனோருக்கு அது போனது. இருவரின் ரசிகர்களுக்கும் இடையே நடந்த போட்டி, நம் ஊர் கட்-அவுட் சண்டைகளை அறிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

1981-ஐயும் 1982-ஐயும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதன் சிறந்த படம் மைக் டி லியோனின் 'கிசாப்மாதா'. கண்ணிமைக்கும் நேரம் என்று பொருள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் திருமணமான மகளைக்கூட வீட்டைவிட்டுப் போக விடாமல் அடைத்து வைக்கும் அந்தப் படத்தை அன்றைய ஆட்சியின் உருவகமாக வாசிப்பவர்கள் பலர். இரண்டாவதன் சிறந்த படம் பெர்னாலின் 'ஹிமாலா', அதாவது அற்புதம். மாதாவின் காட்சி கண்டதாகச் சொல்லும் எல்சாவாக நோரா நடித்தார். இறுதிக் காட்சியில் மூவாயிரம் பேர் அளவிலான துணை நடிகர்கள் நிற்கும் மணல் மேட்டில் அவர் பேசும்போது, கூட்டத்தை விட்டுவிட்டு அவருடைய முகத்தை மட்டும் கவனியுங்கள்; அவர் அதிகமாக எதுவும் செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரியும். இந்த விழாவில் சிறந்த நடிகை அவரே. ஆனால் அதே 1982-ஆம் ஆண்டுப் படங்களுக்கு விமர்சகர்கள் வழங்கிய உரியான் விருது, அதே பெர்னால் இயக்கிய 'ரெலாசியோன்' படத்துக்காக வில்மாவுக்குப் போனது. ஆகவே தாளில் மூன்றாவது பத்தியாக உரியான் விருதுகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. உரியான் அடுத்த ஆண்டில் வழங்கப்படுவதால், ஆண்டைப் பொருத்தும்போது ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிரதியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். மங்கிப்போன தொலைக்காட்சிப் பதிவில் 'இன்சியாங்' பார்த்துவிட்டு ஒளிப்பதிவு சுமார் என்று சொல்வது நியாயமல்ல. அது சீரமைக்கப்பட்டு 2015-இல் கான் விழாவிலும், 'ஹிமாலா' 2012-இல் வெனிஸ் விழாவிலும் மீண்டும் திரையேறின. 'கிசாப்மாதா'வுக்கும் சீரமைத்த பிரதி உண்டு. கிடைக்கும் வரை காத்திருப்பதில் தவறில்லை.

இப்படி ஆண்டாண்டாக நிரப்பிக்கொண்டே போனால் 1986-இல் கை நின்றுவிடும். மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய அந்த ஆண்டின் விழாவில் நடுவர்கள் சிறந்த படம் என்று எதையும் தேர்வு செய்யவில்லை. அந்த இடத்தில் வேறெந்தப் படத்தின் பெயரையும் எழுதாமல், கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, அந்த ஆண்டு போட்டியிட்ட படங்களை இடப்பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.