கிராம சபையில் சொன்ன குறையைத் தீர்மானமாக ஏற்றுவது எப்படி

இராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம், பாம்பன், பெரியபட்டினம், வாலிநோக்கம் போன்ற கடற்கரை ஊராட்சிகளில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. ஆண்டில் ஆறு நாள்கள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் இச்சபை கூடுகிறது. இராமேசுவரமும் கீழக்கரையும் நகராட்சிகள், மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள் என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. அவ்வூர்களில் வார்டு அளவில் கூட்டப்படும் பகுதி சபையையே நாட வேண்டும்.

மீனவர் குடும்பங்கள் மே 1 கூட்டத்தைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மற்ற நேரங்களில் கடலில் இருப்பவர்களும் அன்று ஊரில் இருப்பார்கள். 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 200 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும் என்பதால், ஆள் சேர்ப்பதும் குறை சொல்வதன் ஒரு பகுதியே.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே உங்கள் கோரிக்கையை எழுதி, தெருவாரிடம் கையொப்பம் வாங்கி, ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கக் கேளுங்கள். "தண்ணீர் வருவதில்லை" என்று எழுதினால் அது புலம்பலாகவே நின்றுவிடும். "வடக்குத் தெருப் பொதுக்குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் பத்து நாளுக்கு ஒருமுறையே வருவதால், வாரம் இருமுறை வழங்குமாறு குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்டுக்கொள்வது" என்று எழுதினால், இடமும் அளவும் பதில் சொல்ல வேண்டிய துறையும் அதிலேயே இருப்பதால், அதை அப்படியே தீர்மானமாக்கலாம்.

கூட்டத்தில் ஒருவர் பேசி அமர்ந்ததும் அடுத்தவர் எழுந்துவிடுவார். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குறைகள் காணாமற்போகின்றன. ஆகவே பேசி முடித்தவுடன், உங்கள் கோரிக்கையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, சபையில் உரக்கப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்திருக்கும் அலுவலரான பற்றாளர் அங்கே இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. எழுதப்படாத பக்கத்தில் ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம். பெண்கள், குறிப்பாகப் பாசி எடுக்கவும் கருவாடு காயவைக்கவும் செல்பவர்கள், குடிதண்ணீரையும் கழிவுநீரையும் பற்றி மற்றெவரையும்விடத் துல்லியமாகப் பேசக்கூடியவர்கள். முன்வரிசையில் அவர்களுக்கு இடம் விடுங்கள்.

தெருவிளக்கு, வாய்க்கால், குப்பை ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. இறங்குதளம், படகு தொடர்பானவை மீன்வளத் துறையைச் சேர்ந்தவை; அவற்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சார்ந்த சிக்கல்களுக்கு வனத்துறையை அணுக வேண்டும்.

தீர்மானம் நிறைவேறிய பின் அதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள். தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த நகலை இணைத்து, திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த கிராம சபையில் அந்தத் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.