படம் போய்ச் சேர்ந்தது, ஆனால் திறக்கவில்லை

திருக்கோணமலையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தபோது, கோணேசர் கோயில் திருவிழாப் படங்களை அல்பம் அடிப்பதற்காகக் கொழும்பு அச்சகமொன்றுக்கு எஃப்டிபி (கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் முறை) வழியாக அனுப்பினேன். எல்லாம் போய்விட்டதாகத் திரை காட்டியது. அங்கே ஒரு படம்கூடத் திறக்கவில்லை. விண்டோஸ் கட்டளைத் திரையில் உள்ள எஃப்டிபி, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டெக்ஸ்ட் முறையில்தான் அனுப்பும். ‘பைனரி’ (எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பு) என்று தட்ட மறந்தது என் தவறு.

வரி முடிவை விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளால் குறிக்கிறது. சர்வர்கள் பலவற்றில் ஓடும் லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு அனுப்பினால், டெக்ஸ்ட் முறை அந்த 13ஐப் போகிற வழியிலேயே கழற்றிக் கொடுக்கும். எழுத்துக் கோப்புக்கு அது நல்ல உதவிதான். ஆனால் ஜேபெக் படத்துக்குள் வரும் 13, 10 வரி முடிவல்ல, படத்தின் ஒரு துண்டு. அந்த 13 கழன்றுவிட்டால் திருப்பி ஒட்டவும் வழியில்லை. எந்த 10க்கு முன்னால் 13 இருந்தது, எது முதலிலிருந்தே தனியாக நின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே, அந்தப் பக்கம் திறந்து பார்த்துச் சொல்லும்வரை மெமரி கார்டை அழிக்கவே அழிக்காதீர்கள்.

பிஎன்ஜி என்ற பட வடிவத்தை அமைத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அதன் முதல் 8 பைட்டுகளில் 13, 10 என்ற ஜோடியும் தனி 10 ஒன்றும் வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளன. அவை மாறியிருந்தால் கோப்பு கெட்டது உடனே தெரிந்துவிடும்.

‘தமிழில் எழுதியதுதானே, டெக்ஸ்ட் முறை சரி’ என்று நினைப்பது இன்னொரு தவறு. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறைகளில் யூடிஎஃப்-8 பெரும்பாலும் தப்பிவிடும். பழைய நோட்பேடில் ‘யூனிகோட்’ என்று சேமித்தால் அது யூடிஎஃப்-16. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பி வரும்போது நடுவில் ஒரு 13 நுழைந்தாலும் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு இடம் தள்ளி விழும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்போ உள்ளே ஜிப் (சுருக்கிக் கட்டிய கோப்பு), அதற்கும் பைனரிதான்.

ஃபைல்ஸில்லா என்ற எஃப்டிபி மென்பொருளின் தானியங்கி முறை கோப்பின் பெயரைப் பார்த்தே முடிவெடுக்கும், உள்ளே பார்க்காது.

சரி, விண்டோஸில் எழுதிய லினக்ஸ் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய எழுத்துக் கோப்பு) ஒன்றை பைனரியில் அனுப்பினால்? முதல் வரியின் முடிவில் 13 ஒட்டிக்கொண்டு, அது ஓடாமல் நிற்கலாம். ஆனால் எடிட்டரில் நொடியில் திருத்திவிடலாம். அதனால் சந்தேகம் வந்தால் பைனரியே போடுங்கள். அப்புறம் இரு பக்கத்து அளவையும் பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். கிலோபைட்டில் பார்த்தால் அந்தச் சின்ன வித்தியாசம் கண்ணில் படாது.