நீதிபதி மேல் புகாரா? எங்கே எழுதுவது, வக்கீல் சங்கம் எதுவரை போகலாம்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கோபம் உத்தரவின் மேலா, நீதிபதியின் நடத்தை மேலா? என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, சாட்சியை நம்பவில்லை என்பதற்கெல்லாம் மேல் கோர்ட்டில் போடும் அப்பீல், ரிவிஷன் (சீராய்வு மனு)தான் வழி. அதைப் புகாராக எழுதி அனுப்பினால், படித்த உடனேயே முடித்துவிடுவார்கள். அதே நீதிபதி முன்னால் வழக்கு நடந்தால் நியாயம் கிடைக்காது என்ற பயத்துக்குக் காரணம் இருக்கிறதா? வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்கும் டிரான்ஸ்பர் மனு போடுங்கள். அதற்கும் புகாருக்கும் சம்பந்தமில்லை.

சரி, நடத்தைதான் பிரச்சினை என்றால் யாருக்கு எழுதுவது? முன்சீப் முதல் மாவட்ட நீதிபதி வரை எல்லோரும் அரசியல் சாசனத்தின் 235ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். கலெக்டருக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் மனு போடுவது தபால் செலவுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளருக்கு எழுதுங்கள். அங்கேயே இருக்கும் விஜிலென்ஸ் (கண்காணிப்பு) பதிவாளருக்கு ஒரு நகல் போடுங்கள்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கீழமை நீதிபதிகள் மேல் வரும் புகாரோடு சத்தியப்பிரமாண வாக்குமூலமும் (அபிடவிட்), சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இருந்தால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014இல் இந்தியத் தலைமை நீதிபதி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் எழுதினார். மொட்டைக் கடிதம் போட்டுப் பயனில்லை. அபிடவிட்டில் 'இவர் ஊழல் பேர்வழி, ஊருக்கே தெரியும்' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக என்ன தேதி, வழக்கு எண் என்ன, காலையா மதியமா, ஓப்பன் கோர்ட்டிலா நீதிபதியின் அறையான சேம்பரிலா, சொன்ன வார்த்தை அப்படியே என்ன, பக்கத்தில் நின்ற வக்கீல் யார், பெஞ்ச் கிளார்க் இருந்தாரா என்று எழுதுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது ஒரு பத்தியில், மற்றவர் சொல்லிக் கேட்டது தனிப் பத்தியில் வரட்டும். கேட்டதைப் பார்த்ததாக எழுதி, விசாரணையில் ஒரு வரி ஆடிவிட்டால் மொத்தமும் ஆடும். அன்றைய உத்தரவின் சான்றிட்ட நகல் கிடைத்தால் இணையுங்கள்.

கோர்ட் அவமதிப்பு ஆகிவிடுமோ என்று பலர் நடுங்குவார்கள். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவைப் படியுங்கள். கீழமை நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்துக்குச் சொல்வது அவமதிப்பு ஆகாது. ஆனால் அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்தப் பிரிவு துணைக்கு வராது. இந்த இரண்டாவது வேலையைத்தான் நம் ஆட்கள் முதலில் செய்கிறார்கள்!

உயர் நீதிமன்ற நீதிபதி என்றால் பாதை வேறு. நீதிபதிகளை நீதிபதிகளே விசாரிக்கும், 1999இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உள் விசாரணை முறை அது. அந்த உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கோ இந்தியத் தலைமை நீதிபதிக்கோ எழுதலாம். விஷயம் கனமானது என்று பட்டால் சம்பந்தப்பட்ட நீதிபதியிடம் விளக்கம் கேட்பார்கள். அதற்கு மேலும் தோண்ட வேண்டியிருந்தால் வேறு இரண்டு உயர் நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகளும் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியும் கொண்ட குழு அமையும். அறிக்கை உங்கள் கைக்கு வராது; அது ரகசியம் என்று 2003இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் இன்றைய நிலைமை அதுதான். ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பின் கதவையும் இப்போதைக்குத் தட்ட முடியாது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் மேலான புகாரை விசாரிக்கலாம் என்ற அதன் உத்தரவுக்கு 2025 பிப்ரவரியில் தடை விழுந்தது. பதவி நீக்கம் நாடாளுமன்றத்தின் கையில். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்டால்தான் தீர்மானம் தொடங்கவே முடியும். சென்னையில் நீதிபதியாக இருந்து பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வி. ராமசாமி மேல் 1993இல் கொண்டுவந்த தீர்மானம், 205 எம்.பி.க்கள் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் தோற்றது.

அப்புறம் நம் வக்கீல் சங்கம். நான் செயலாளராக இருந்தபோது ஒரு ஜூனியர் எழுதி எடுத்து வந்த தீர்மானத்தில் இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன: 'மாண்பமை நீதிபதி உடனே பதவி விலக வேண்டும். அதுவரை அவரது நீதிமன்றத்தைப் புறக்கணிப்பது.' இரண்டையும் சிவப்பு மையால் அடித்தேன். "அப்புறம் என்ன சார் மிச்சம்?" என்றான். அவனை அந்த நீதிபதி திறந்த மன்றத்தில் என்ன சொல்லித் திட்டினார், எந்தத் தேதி, யார் யார் கேட்டார்கள் என்ற மூன்று வரிகள் மிச்சம். வேலைக்கு ஆகிற வரிகள் அவைதான்.

முதல் வரியை அடித்ததற்குக் காரணம் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஏ.எம். பட்டாச்சார்ஜி பதவி விலக வேண்டும் என்று அங்குள்ள வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அவர் விலகியும் விட்டார். ஆனால் ரவிச்சந்திரன் ஐயர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்மானம் போட்டு நீதிபதியை நெருக்குவது நீதித்துறையின் சுதந்திரத்தில் கை வைப்பது என்றது. சங்கம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லவில்லை. குறிப்பான, நம்பகமான தகவலைத் திரட்டு. நிர்வாகிகள் நேரில் போய்த் தலைமை நீதிபதியிடம் கொடு. பதிலுக்கு நியாயமான காலம் காத்திரு. இதுதான் அங்கே சொன்ன வழி. மாவட்டத்தில் இருப்பவர்கள் முதலில் மாவட்ட நீதிபதியையும், தேவைப்பட்டால் அந்த மாவட்டத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியான போர்ட்ஃபோலியோ நீதிபதியையும் பார்க்கலாம். தலைவர், செயலாளர், ஒரு மூத்தவர் போனால் போதும். கூட்டமாகப் போனால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

இரண்டாவது வரிக்கு 2002ஆம் ஆண்டு ஹரிஷ் உப்பல் தீர்ப்பு. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தமோ புறக்கணிப்போ செய்ய உரிமை இல்லை, அடையாள வேலைநிறுத்தம்கூடக் கூடாது. கறுப்புப் பட்டை கட்டலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம், நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே அமைதியாக ஊர்வலம் போகலாம். பாரின் (வக்கீல்கள்) அல்லது பெஞ்சின் (நீதிபதிகள்) கண்ணியமே கேள்விக்குள்ளாகும் அரிதான நேரத்தில் மட்டும், ஒரு நாளுக்கு மேல் போகாமல் வக்கீல்கள் கோர்ட் வேலையிலிருந்து ஒதுங்கியிருப்பதை நீதிமன்றம் கண்டுகொள்ளாமல் விடலாம். அதற்கும் தலைமை நீதிபதியையோ மாவட்ட நீதிபதியையோ கலந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் இது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று கோர்ட் வாசலில் வாய்தாவுக்கு வந்து திரும்பிப் போகிறவர்களைக் கேளுங்கள்.

நீதிபதிகள் பக்கமும் எல்லை உண்டு. வக்கீலைத் தொழில் செய்யவிடாமல் தடுக்க 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டுவந்த 14ஏ முதல் 14டி வரையான விதிகளை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வக்கீலின் தொழில் ஒழுங்கீனத்தை விசாரிப்பது வக்கீல்களின் சட்டப்பூர்வ அமைப்பான பார் கவுன்சிலின் வேலை.

புகாரை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். புகார் போட்டாயிற்றே என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராததால் எக்ஸ்பார்ட்டி டிகிரி (ஒருதலைப்பட்சத் தீர்ப்பு) ஆகிவிட்டால் அதை நீக்க மனு போட 30 நாள்தான்.