கிறிஸ்மஸ் ரீத்துக்கு பச்சைக் கிளை பறிக்கிறது எப்படி? முதல் தடவை செய்றவங்களுக்கு

நவம்பர் கடைசி ஆச்சுன்னா இங்க அமெரிக்காவோட வடகிழக்குப் பக்கம் வீட்டுக்கு வீடு வாசக்கதவுல பச்சை ரீத், அதாவது பச்சைக் கிளைய வட்டமா கட்டின வளையம், தொங்க ஆரம்பிச்சிடும். அதுக்கு வேண்டியதுல முக்கால்வாசி உங்க தோட்டத்துலயும் பக்கத்து வீட்டு வேலியிலயும்தான் வளருது. ரீத் கட்டுறது ரொம்ப சுலபம், எதைப் பறிக்கிறோம் எங்க வெட்டுறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு, அதனால அதைத்தான் விலாவாரியா சொல்லப்போறேன்.

முதல்ல, யாரோட மரம்னு பாருங்க

ரோட்டோரம்தானே, பார்க்தானேன்னு கத்தரியை எடுத்துடாதீங்க. நேஷனல் ஃபாரஸ்ட்ல வெட்டணும்னா பெர்மிட் வாங்கணும். மெயின் (Maine) மாநிலத்துல அடுத்தவங்க நிலத்துல கிளை ஒடிக்கிறதுக்கு எழுத்துல அனுமதி வாங்கணும்னு சட்டமே இருக்கு. தோட்டம் இல்லாதவங்க கிறிஸ்மஸ் மரம் விக்கிற இடத்துல போய் கேளுங்க, மரத்தை ஸ்டாண்ட்ல நிறுத்த அடிக்கிளைய வெட்டிப் போட்டிருப்பாங்க, நிறைய பேர் சும்மாவே குடுத்துடுவாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்ல.

எதை எடுக்கலாம்

ஊசியிலை மரமான பால்சம் ஃபர்தான் என் முதல் சாய்ஸ். வாசனை அள்ளும், ஊசியிலை சீக்கிரம் கொட்டாது. ஒரு இலையை விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க, தட்டையா இருந்து உருளலைன்னா ஃபர், உருண்டா அது ஸ்ப்ரூஸ்ங்கிற இன்னொரு ஊசியிலை மரம். ஸ்ப்ரூஸ் வெளில தொங்கவிட ஓகே, ஹீட்டர் ஓடுற வீட்டுக்குள்ள வச்சா தரையெல்லாம் ஊசிதான். வொயிட் பைன் ஒரு கொத்துல அஞ்சு ஊசி இருக்கும், மெத்துன்னு இருக்கும், வளையத்தை நல்லா நிரப்பும். வேலிக்கு வைக்கிற ஆர்பர்விட்டே, நீலக் காயோட இருக்கிற ரெட் சீடார், சின்ன இலை புதரான பாக்ஸ்வுட் எல்லாமே சேர்க்கலாம். சிவப்பு வேணும்னா சிவப்புப் பழம் இருக்கிற ஹாலி செடி, ஆனா பெண் செடியிலதான் பழம் இருக்கும்.

எதைத் தொடக்கூடாது

ஹெம்லாக் மரம் வேண்டாம், வெட்டி கொஞ்ச நாள்லயே இலை பூரா உதிர்ந்திடும். யூ (yew) செடி பல வீட்டு முன்னாடி இருக்கும், பாக்க அழகுதான், ஆனா இலையும் விதையும் கடும் விஷம், குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க. ஹாலி பழமும் வயித்துக்கு ஆகாது, உயரமா மாட்டுங்க. ஆரஞ்சு பழத்தோட கொடியா ஓடுற ஓரியன்டல் பிட்டர்ஸ்வீட்டை ரீத்ல வச்சா பறவை தின்னுட்டு விதையை ஊரெல்லாம் பரப்பும், அது மரத்தைச் சுத்தி நெரிச்சே கொன்னுடும். காட்டுத் தரையில குட்டி பைன் மரம் மாதிரி நிக்கிற கிளப்மாஸ் வளர வருஷக்கணக்கு ஆகும், பாத்து ரசிச்சுட்டு வந்துடுங்க. இன்னொண்ணு, மரத்துல முடி முளைச்ச கயிறு மாதிரி கொடி ஏறியிருந்தா அது பாய்சன் ஐவி, குளிர்ல இலை இல்லன்னாலும் அரிப்பு வரும்.

எப்ப, எப்படி வெட்டணும்

அவசரப்படாதீங்க. மெயின்ல ஃபர் ஒடிக்கிறவங்க மூணு ராத்திரியாவது 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ, அதாவது மைனஸ் 7 செல்சியஸ் கிட்ட குளிர் இறங்கட்டும்னு காத்திருப்பாங்க, அப்பதான் ஊசி கிளையில கெட்டியா பிடிச்சு நிக்கும். பென்சில் கனம் இருக்கிற நுனிய கையாலயே டக்குன்னு ஒடிச்சிடுவாங்க. மத்த செடிக்கெல்லாம் கூரான கத்தரி வேணும். பக்கக்கிளை பிரியுற இடத்துக்கு சரியா மேல வெட்டுங்க, மொட்டையா குச்சி நீட்டிக்கிட்டு நிக்கக்கூடாது. ஆர்பர்விட்டே, சீடார் ரெண்டுலயும் பச்சை இருக்கிற அளவுக்குள்ளயே நிறுத்திக்கோங்க, உள்ள இலையில்லாத கட்டை வரைக்கும் போயிட்டா அங்க திரும்ப துளிர்க்காது, வேலியில ஓட்டை ஓட்டையா நிக்கும். ஒரே பக்கம் மொட்டையடிக்காம சுத்தி வந்து அங்கங்க கொஞ்சம் எடுங்க. பிசின் ஒட்டும், பழைய கிளவுஸ் போட்டுக்கோங்க, கையில பட்டா சமையல் எண்ணெய் தேய்ச்சு கழுவுனா போயிடும்.

கட்டுறதுக்கு முன்னாடி

கிளையை நல்லா உதறுங்க, பூச்சி இருக்கும். அடியை புதுசா ஒரு தடவை வெட்டி கராஜ்ல ஒரு பக்கெட் தண்ணியில ராத்திரி முழுக்க வச்சிடுங்க.

கட்டுறது

12 இஞ்ச் கம்பி வளையம், 22 கேஜ் கனமுள்ள மெல்லிசான பச்சைக் கம்பிச்சுருள் போதும். ஆறு இஞ்ச் நீளத்துல அஞ்சாறு நுனி சேர்த்து ஒரு கொத்து. அதை வளையத்து மேல வச்சு கம்பியை இறுக்கி மூணு சுத்து, அடுத்த கொத்தோட தலை முந்தின கொத்தோட காம்பை மறைக்கணும், கம்பியை நடுவுல வெட்டவே கூடாது. மல்லிப்பூ கட்டத் தெரிஞ்ச கைக்கு இது சட்டுன்னு பிடிபடும். எல்லா கொத்தும் ஒரே திசையில போகணும், கடைசி கொத்தோட காம்பை முதல் கொத்தைத் தூக்கி அடியில செருகிடுங்க. கொத்து நீட்டிக்கிட்டு நிக்கிறதால வளையத்தைவிட ரீத் நல்லா பெருசா வரும், கதவை அளந்துட்டு ஆரம்பிங்க.

வெளில குளிர்ல மாட்டினா வாரக்கணக்குல பச்சையா இருக்கும், வீட்டுக்குள்ள ஒரு வாரம் பத்து நாள்தான். வாசக்கதவுக்கு வெளில இருக்கிற கண்ணாடிக் கதவான ஸ்டார்ம் டோருக்கும் வாசக்கதவுக்கும் நடுவுல மட்டும் மாட்டாதீங்க, வெயில் பட்டா அங்க சூடு ஏறி கருகிடும். மெழுகுவர்த்தி, ஹீட்டர் பக்கம் கொண்டு போகவே கூடாது, காஞ்ச ஃபர் நொடியில பத்திக்கும், லைட் சுத்தணும்னா எல்இடி. ஊசி முறிஞ்சு கொட்ட ஆரம்பிச்சதும் எடுத்துடுங்க, கம்பியைப் பிரிச்சு வளையத்தை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கிட்டு கிளையை யார்டு வேஸ்ட்ல, அதாவது தோட்டக் குப்பையில போடுங்க.